அடெல் ஆல்பத்தின் முதல் வார விற்பனையில் ஸ்ட்ரீமிங் கணக்கே இல்லை

மேலே ஒரு பதிவில் ஒருவர், பாடகி அடெலின் ‘25’ ஆல்பத்தின் விற்பனை அமெரிக்காவில் முதல் வாரமே 33 லட்சத்தைத் தாண்டியது ஸ்ட்ரீமிங்கால்தான், அதனால் இனி எந்த ஆல்பத்துக்கும் யூடியூப் வியூஸை வைத்தே விற்பனையைக் கணித்துவிடலாம் என்கிறார். தவறு. 2015 நவம்பர் 20 அன்று வந்தபோது அந்த ஆல்பம் ஸ்பாட்டிஃபையிலும் இல்லை, ஆப்பிள் மியூசிக்கிலும் இல்லை, ஏழு மாதம் கழித்து 2016 ஜூனில்தான் அங்கே வந்தது, ஆக அந்த 33.8 லட்சமும் மக்கள் காசு கொடுத்து வாங்கிய சிடி, டவுன்லோடுகள். அமெரிக்க இசைத் தரவரிசைப் பட்டியல் வெளியிடும் பில்போர்டின் கணக்கில் வரும் 34.8 லட்சம் ‘யூனிட்’ வேறு சங்கதி; ஆல்பம் விற்பனையோடு, தனிப் பாட்டு 10 டவுன்லோடு ஆனால் ஒரு ஆல்பம், அப்போதைய விதிப்படி 1,500 முறை ஸ்ட்ரீம் ஆனால் ஒரு ஆல்பம் என்று சேர்த்த தொகை அது. இந்த இரண்டையும் குழப்பினால் கணிப்பு எப்படிச் சரியாக வரும்?

சொல்லப்போனால், கடைகளையும் முன்பதிவையும் பார்த்துக் கணித்த இசைத் துறைக்காரர்களே வெளியீட்டுக்கு முன் 25 லட்சம் என்றுதான் சொன்னார்கள். அவர்கள் கண் முன்னே இருந்தது 2000இல் என்சிங்க் என்ற அமெரிக்க பாப் குழு வைத்த 24 லட்சம் முதல் வார விற்பனைச் சாதனை. அப்புறம் இன்னொன்று, வியூஸ் உலகம் முழுக்க எண்ணுவது, இந்த விற்பனை அமெரிக்காவுக்கு மட்டும். தயவுசெய்து அந்தப் பதிவைத் திருத்திவிடுங்கள், பலர் பகிர்கிறார்கள்.