கொழுகொழு குழந்தை என்னும் ஆசையும் ஒரு பால் மாவு டின்னும்

பக்கத்து வீட்டு மெக்சிகோப் பாட்டியின் பேரனுக்குப் போன மாதம் ஒரு வயது நிறைந்தது. அந்த வாரம் இங்கே ஹூஸ்டனில் இருவரும் சேர்ந்து கடைக்குப் போனோம். தள்ளுவண்டியில் அவர் முதலில் வைத்தது, ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கென்று விற்கும் பால் மாவு டின். ஸ்பானிஷ் தொலைக்காட்சியில் விளம்பரம் பார்த்தாராம். விலையைப் பார்த்துத் தயங்கினார், திருப்பி வைத்தார், மறுபடி எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

குழந்தைப் பொருள் விற்பவர்கள் ஹிஸ்பானியர் என்னும், ஸ்பானிஷ் மொழி வழி வந்த இந்த மக்களைத் தேடி வருவதில் வியப்பில்லை. 2010இல் சுமார் 5 கோடியாக இருந்த அமெரிக்க ஹிஸ்பானியர்கள் 2020 கணக்கெடுப்பில் 6.2 கோடி. இந்த நாட்டில் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று அவர்கள் வீட்டில் பிறக்கிறது. அவர்களுக்கென்று தனியாக விற்பதை நான் குறை சொல்லவே மாட்டேன். பிள்ளையைக் குளிப்பாட்டியதும் கியூபர்கள் தடவிவிடும் வயலட் பூ வாசனைத் தண்ணீர், மெக்சிகோ அம்மாக்கள் தேடும் சீமைச்சாமந்தி ஷாம்பு எல்லாம் இங்கே கிடைப்பது நல்லதுதான். சாம்பிராணிப் புகையில் தலை காய வைத்து வளர்ந்த நமக்கு அந்த ஏக்கம் தெரியும். குழந்தை வாயில் வைக்கும் ரப்பர் சூப்பானுக்கு மெக்சிகோவில் ‘சுப்போன்’, புவேர்ட்டோ ரிக்கோவில் ‘போபோ’. இந்த வேறுபாட்டைப் படித்துக்கொண்டு வந்து விற்பவரை நான் மதிக்கிறேன்.

என் கோபமெல்லாம் அந்த டின் மீதுதான்.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கான பால் மாவுக்கு 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிக் கட்டுப்பாடு உண்டு. ஒரு வயதுக்கு மேலானது என்று விற்கும் இந்த மாவு அதற்குள் வராது. ஆனால் டின்னின் நிறமும் படமும் எழுத்தும் பல நேரங்களில் கைக்குழந்தை மாவைப் போலவே இருக்கும். பலவற்றில் சர்க்கரை சேர்க்கிறார்கள். ஆரோக்கியமான குழந்தைக்கு இது தேவையில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு 2023இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. இன்னொரு கொடுமை: குறைந்த வருமானமுள்ள தாய் சேய்க்கான ‘விக்’ என்னும் அரசுத் திட்டத்தில், ஒரு வயது முடிந்த குழந்தைக்குக் கொழுப்பு நீக்காத சாதாரணப் பசும்பாலே இலவசமாகக் கிடைக்கும். கையில் இலவசப் பால் இருக்க, கூலிக்காசைக் கொடுத்து இனிப்பு மாவு வாங்க வைக்கிறார்கள்.

எதைக் காட்டி வாங்க வைக்கிறார்கள்? பாட்டியின் ஆசையைக் காட்டித்தான். ‘கோர்தீத்தோ’ என்று அவர் பேரனைக் கொஞ்சுவார். கொழுகொழு என்று இருப்பவன் என்று பொருள். ஒல்லியான பிள்ளையைப் பார்த்தால் பெற்றவள் சரியாகக் கவனிக்கவில்லை என்று உறவெல்லாம் பேசும் வீடு அது. நம் வீடும் அப்படித்தான். பிறந்த பிள்ளைக்கும் தாய்க்கும் நாற்பது நாள் காப்பது, கண்ணேறு படாமல் மணி கட்டுவது, பெண் குழந்தைக்குச் சிறுவயதிலேயே காது குத்துவது என்று அவர்கள் செய்வதைப் பார்க்கும்போதெல்லாம் என் அம்மாவின் நினைவு வரும். அந்த அக்கறையைத்தான் சந்தைக்காரர் கணக்குப் போட்டு விலைக்கு எடுக்கிறார்.

தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளை எப்படி விற்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1981இலேயே நெறிமுறை வகுத்தது. 118 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா. நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது, இந்தப் பாட்டி வீட்டுத் தொலைக்காட்சிக்குள் வரும் விளம்பரத்தைத் தடுக்க இன்னும் சட்டமில்லை.

டெக்சாஸில் குழந்தை மருத்துவராக இருக்கும் தமிழ் நண்பர்களை ஒன்று கேட்கிறேன். உங்களில் பலர் நோயாளிகளுக்காக ஸ்பானிஷ் கற்றவர்கள். ஒரு வயதுத் தடுப்பூசிக்கு வரும்போது அம்மாவோடு பாட்டியையும் உள்ளே அழையுங்கள். குழந்தையின் எடையை அவரிடமே காட்டி, பிள்ளை நன்றாக இருக்கிறான், வெறும் பால் போதும் என்று அவர் மொழியிலேயே சொல்லுங்கள்.