சீட்டுக் கேட்காத முருகன்

கோயில் வாசலில் செருப்பைக் கழற்றியதும் அம்மா தேடியது மூலஸ்தானத்தை அல்ல, அர்ச்சனைச் சீட்டு எழுதும் இடத்தை. கைப்பைக்குள் ஒரு இருபது பவுண் தாளை நான்காக மடித்துத் தயாராக வைத்திருந்தார். "மோனை, சீட்டு எங்கை எடுக்கிறது? சனம் சேர முதல் போய் எடுத்துக்கொண்டு வா" என்றார்.

இங்கே சீட்டு இல்லை என்று சொன்னேன். நம்பவில்லை. அந்த வழியாக வந்த ஒரு துறவியிடம் நானே கேட்டு, அவர் சொன்னதைத் தமிழில் சொன்னேன். "எதற்கும் காசு வாங்குவதில்லையாம் அம்மா. உள்ளே போய் இருக்கட்டாம்." நான் ஏதோ பிழையாக மொழிபெயர்த்துவிட்டேன் என்பதுபோல அம்மா என்னைப் பார்த்தார்.

நாங்கள் நின்றது வேல்ஸ் நாட்டின் மேற்கே, கார்மார்தன்சயர் பகுதியில், லான்பிம்சைன்ட் என்ற சிறு கிராமத்துக்குப் பக்கத்தில் உள்ள பள்ளத்தாக்கில். ஸ்கந்தவேல் என்பார்கள் நம்மவர்கள். ஆங்கிலத்தில் ஸ்கந்த வேல் என்றால் கந்தன் பள்ளத்தாக்கு. ஆனால் தமிழ்க் காதுக்கு அது வேலாயுதமாகவே கேட்கிறது, அப்படியே இருக்கட்டும். லண்டனிலிருந்து வழியில் நிற்காமல் ஓடினாலும் நாலரை மணித்தியாலம். கார்மார்தன் தாண்டியபின் பாதை ஒடுங்கி, இரண்டு பக்கமும் வேலிச் செடிகள் உயர்ந்துவிடும். எதிரே ஒரு டிராக்டர் வந்தால் ஒருவர் பின்னாலே போகத்தான் வேண்டும். தெருவிலே 'அராஃப்' என்று வெள்ளை எழுத்தில் எழுதியிருக்கும். மெதுவாகப் போ என்பதற்கு வேல்ஸ் மொழிச் சொல். ஆங்கிலத்தோடு தங்கள் மொழியையும் தெருவிலேயே எழுதி வைத்திருக்கும் மக்களைப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் நெஞ்சு நிறையும். லான்பிம்சைன்ட் என்ற ஊர்ப் பெயரின் பொருள் ஐந்து புனிதர்களின் கோயில். மலைகளில் விளையாடும் முருகன், ஐந்து புனிதர் பேர் சொல்லும் ஊரின் பள்ளத்தில் வந்து இருக்கிறான்.

இதைத் தொடங்கியவர் இலங்கையில் பிறந்த குரு சுப்பிரமணியம். 1973இல். அவர் 2007இல் காலமானார். இன்று பல நாடுகளிலிருந்து வந்த ஆண்களும் பெண்களும் துறவு ஏற்று அங்கே வாழ்கிறார்கள். முருகனுக்கு ஒரு கோயில், மகாசக்திக்கு ஒன்று, பள்ளிகொண்ட ரங்கநாதருக்கு ஒன்று. விடியுமுன் தொடங்கி இரவு வரை ஒரு நாளில் ஆறு பூசைகள்.

அம்மாவுக்கு அந்த இடத்தை முன்பே தெரியும், ஆனால் 'அந்த மாட்டுக் கோயில்' என்று. 2007இல் சம்போ என்ற அவர்களின் காளைக்கு மாட்டுக் காசநோய் இருப்பதாகப் பரிசோதனையில் வந்தது. கொல்ல வேண்டும் என்றது வேல்ஸ் அரசு. ஓர் உயிரை எடுக்க விடமாட்டோம், தனியே வைத்து வைத்தியம் பார்க்கிறோம் என்றார்கள் துறவிகள். வழக்குப் போட்டார்கள். முதல் நீதிமன்றத்தில் வென்றார்கள், மேல்முறையீட்டில் தோற்றார்கள். ஜூலை 26ஆம் திகதி, அவர்கள் பூசை செய்துகொண்டிருக்கும்போதே பொலிசார் வந்து காளையைக் கொண்டுபோனார்கள். அன்று எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் அம்மா அழுதது நினைவிருக்கிறது. அதே நோய்க்காகத் தங்கள் மாடுகளை இழந்த வேல்ஸ் விவசாயிகள், சட்டம் எங்களுக்கு மட்டும்தானா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியையும் என்னால் தள்ள முடியவில்லை. இரண்டு பக்கமும் துயரம் இருந்தது.

சரி, நான் சொல்ல வந்தது சீட்டைப் பற்றி.

அப்பாவின் முதலாம் ஆண்டுத் திவசத்துக்குப் பிறகு அம்மாவை லண்டனில் ஒரு கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எந்தக் கோயில் என்பது முக்கியமில்லை. அன்று உபயத் திருவிழா, நல்ல சனம். அப்பாவின் பெயரை நினைத்து ஓர் அர்ச்சனை செய்ய வேண்டும், அவ்வளவுதான் அம்மாவின் ஆசை. விலைப் பலகையில் தொகை ஏறியிருந்தது. அம்மாவிடம் இருந்த காசு போதவில்லை. கார்டு இயந்திரம் வேலை செய்யவில்லை. நான் வெளியே ஓடி, காசு எடுத்துக்கொண்டு திரும்பி வரும்போது தீபாராதனை முடிந்துவிட்டது. ஒலிபெருக்கியில் உபயகாரர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. முன்வரிசையில் அவர்களுக்குக் கோயில் மரியாதையாகக் காளாஞ்சி கொடுத்தார்கள். அம்மா ஒரு தூணோரம் வெறும் தட்டோடு நின்றார். வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

யாரும் அவரை அவமதிக்கவில்லை. சீட்டு எழுதிய பெண் மரியாதையாகத்தான் "காசோடை வாங்கோ அம்மா" என்று சொன்னார். அதுதான் என்னை இன்னும் வருத்துகிறது. ஒருவரும் பிழை விடாமலே ஒரு வயதான மனுஷி சாமிக்கு முன்னால் கடன்காரியைப்போல நிற்க முடிகிறது. இது ஆளின் பிழை இல்லை, ஏற்பாட்டின் பிழை.

ஸ்கந்தவேலிலும் நுழைவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மூன்று நாளைக்கு முன்பிருந்தே இறைச்சி, மீன், முட்டை, மது எதுவும் தொடக்கூடாது. காசு அல்ல, உடம்பு கொடுக்கும் கட்டணம் அது. பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே விலை. அம்மா அதை மூன்று நாளும் கணக்காகப் பிடித்தார். என் மகனும் பிடித்தான், பள்ளிக்கூடத்தில் நண்பர்கள் கோழிப்பொரியல் சாப்பிடும்போதும் பிடித்தான். கோயிலுக்குப் போவது காரில் ஏறும்போது தொடங்குவதில்லை என்பதை நான் அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பூசையில் ஒரு வெள்ளைக்காரச் சகோதரி தீபம் காட்டினார். நாங்கள் எல்லோரும் தரையில் இருந்தோம். முன்னால் இருந்தவர் யார், பின்னால் இருந்தவர் யார் என்று யாரும் பார்க்கவில்லை. முன்னுக்கு வந்தவர் முன்னுக்கு இருந்தார். முருகன் பேரில் பஜனை தொடங்கியதும், உச்சரிப்பு கொஞ்சம் தடக்கினாலும், அம்மா கைகளைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டார். அப்பாவின் பெயரை உரத்துச் சொல்ல அங்கே யாரும் இல்லை. அம்மா தானே மெதுவாகச் சொல்லிக்கொண்டார். எனக்குக் கேட்டது.

அப்புறம் சோறு. பருப்பும் மரக்கறிகளும். சாப்பிட்டு முடித்துவிட்டு நானும் மகனும் பானை கழுவப் போனோம். பக்கத்தில் நின்று கழுவியவர் பர்மிங்ஹாமிலிருந்து வந்த ஒரு குஜராத்தி வைத்தியர். ஸ்கந்தவேல் துறவிகளே பக்கத்தில் நோய் முற்றியவர்களைப் பராமரிக்கும் ஒரு இல்லத்தையும் நடத்துகிறார்கள். மேற்கு வேல்ஸ் மக்கள் எந்த மதமானாலும் அங்கே வரலாம், அதற்கும் கட்டணம் கிடையாது. இதையும் அவர்தான் பானை கழுவிக்கொண்டே சொன்னார்.

இதை நான் எழுதும்போதே மறுமொழி எனக்குக் கேட்கிறது. லண்டன் கோயிலுக்குக் கட்டடக் கடன் இருக்கிறது, குருக்களுக்குச் சம்பளம், மின்சாரம், காப்புறுதி. தாயகத்தில் போரால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பல கோயில்கள் அனுப்பும் உதவியும் அந்த உண்டியலிலிருந்துதான் போகிறது. ஸ்கந்தவேலில் இருப்பவர்கள் துறவிகள், சம்பளம் இல்லாமல் வேலை செய்கிறார்கள். நம் குருக்கள் பிள்ளைகுட்டிக்காரர். எல்லாம் உண்மை. அங்கே நடப்பதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது என்று நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கேயும் செலவு இருக்கிறது. மாடுகள் இருக்கின்றன, வருகிற எல்லோருக்கும் சாப்பாடு இருக்கிறது. அது மனம் விரும்பிக் கொடுக்கும் காசில் ஓடுகிறது. ஐம்பது வருடமாக ஓடுகிறது.

அதைவிட முக்கியமானது, இது வெள்ளைக்காரர் கண்டுபிடித்த வழக்கம் இல்லை. யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தன் கோயிலில் அர்ச்சனைக்கு என்ன விலை? ஒரு ரூபாய். பல பத்தாண்டுகளாக ஒரு ரூபாய். நாட்டை ஆள்பவர் வந்தாலும் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும், அவருக்காகப் பூசை ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காது. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த எவரும் இதைப் பெருமையாகச் சொல்லாமல் விடமாட்டோம். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியை அன்னதானக் கந்தன் என்கிறோம். அங்கே வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை நடக்கிறது, மடங்களில் வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போடுகிறார்கள். அம்மா சின்னப் பிள்ளையாகச் சந்நிதிக்கு நடந்துபோய்ச் சாப்பிட்டதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அந்த மனுஷிதான் இன்று எந்தக் கோயிலிலும் முதலில் சீட்டைத் தேடுகிறார். வந்த இடத்தில் நாங்கள்தான் அவரை அப்படிப் பழக்கிவிட்டோம்.

அதனால் நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. தரிசனத்திலிருந்து விலையை எடுத்துவிடுங்கள். அர்ச்சனைக்கு நல்லூரைப்போல ஒரு சின்னத் தொகை, இருபது பென்ஸ் வையுங்கள், அதுவும் இல்லாதவரிடம் கேட்காதீர்கள். உபயகாரர் பெயரைப் பலகையில் எழுதுங்கள், தீபாராதனை நேரத்தில் ஒலிபெருக்கியில் வாசிக்காதீர்கள். கோயிலின் செலவு இவ்வளவு, வரவு இவ்வளவு, குறைவது இவ்வளவு என்று மாதாமாதம் வாசலில் ஒட்டுங்கள். அறக்கட்டளையாகப் பதிந்த கோயிலின் ஆண்டுக் கணக்கை எப்படியும் யாரும் பார்க்கலாம். நம் சனம் கொடுக்கும். கேட்ட இடத்தில் நம் சனம் கொடுக்காமல் விட்ட நாளை நான் பார்த்ததில்லை.

எங்கள் கோயிலின் பொதுக்கூட்டம் தை மாதம் வருகிறது. நான் அங்கத்தவர். ஒரே ஒரு மாதம் விலைப் பலகையைக் கழற்றிப் பார்ப்போம் என்று எழுத்தில் கேட்கப் போகிறேன். ஒரு பிரேரணைக்கு வழிமொழிய ஒருவர் வேண்டும். இதை வாசிக்கும் அங்கத்தவர் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

திரும்பி வரும்போது சுவான்சீ தாண்டும் வரை அம்மா கண்ணை மூடிக்கொண்டு இருந்தார், நித்திரை என்று நினைத்தேன். பிறகு கைப்பையைத் திறந்து, மடித்த இருபது பவுண் அப்படியே இருக்கிறதா என்று பார்த்தார். "உண்டியலிலை போட மறந்துபோனன் மோனை" என்றார். "திரும்பு, போட்டுட்டு வருவம்."