ட்ரோனுக்கு ஒரு பாலிசி எடுப்பதற்குள்...

கல்யாண வீடியோ தொழிலில் இப்போது ட்ரோன் இல்லாமல் ஆர்டரே வருவதில்லை. 2021 ட்ரோன் விதிகள்படி 250 கிராமுக்கு மேல் எடை இருந்தால் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். நியாயமான விதிதான். மண்டப வாசலில் நிற்கும் குழந்தை மேல் இறக்கை பட்டால் யார் பதில் சொல்வது?

ஆனால் எடுக்கப் போனால்தானே தெரிகிறது! பைக் பாலிசி போனிலேயே முடிந்துவிடுகிறது. ட்ரோன் என்றதும் ஏஜென்ட், "கேட்டுச் சொல்றேன் சார்" என்று வைத்தவர்தான், நாமே நாலு தடவை துரத்த வேண்டியிருக்கிறது. பதிவு எண், பைலட் சான்றிதழ் எல்லாம் கேட்கிறார்கள், சரி, கொடுத்தாயிற்று. அப்புறம் பொடி எழுத்தைப் படித்தால் வயிறு எரிகிறது. தென்னை ஓலையில் மோதி கேமராவைத் தாங்கும் கிம்பல் ஒடிந்தால் ஒரு பைசா கிடையாதாம். அதற்குத் தனி கவர், தனி பிரீமியம். ஆடியிலும் மார்கழியிலும் பெட்டிக்குள்ளேயே கிடக்கும் ட்ரோனுக்கும் முழு வருடக் காசு. பறக்கும் நாளுக்கு மட்டும் கட்டலாமா என்று கேட்டால், நான் போன இடத்தில் முறைக்கிறார்கள்.

கட்டாயம் என்று சட்டம் போட்ட பிறகு, கேட்டதும் கிடைக்க வேண்டாமா? சின்ன ஸ்டூடியோக்காரன் எத்தனை நாள் கடையைப் பூட்டிவிட்டு இதற்காக அலைவான்?