வெறும் தட்டு

கடந்த தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு தொண்டூழியர்கள் ஐந்து பேர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். கையில் ஒரு பை: ஐந்து கிலோ அரிசி, எண்ணெய், பிஸ்கட் டின், மைலோ. கம்பிக்கதவருகே என்னை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். "தனியாகவா இருக்கிறீர்கள் ஐயா?" என்று ஒரு பெண் கேட்டாள். கரிசனத்தோடுதான் கேட்டாள். உள்ளே முறுக்கு வெந்துகொண்டிருந்தது. "முதல் ஈடு எடுத்துவிட்டேன், ஆளுக்கு இரண்டு சாப்பிட்டுவிட்டுப் போங்கள்" என்றேன். இன்னும் பதினேழு வீடு பாக்கி என்று சிரித்தபடி மின்தூக்கிக்கு ஓடிவிட்டார்கள்.

நல்ல பிள்ளைகள். ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை.

எனக்கு வயது 69. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சிங்கப்பூரில், தோ பாயோ வட்டாரத்தில் மூவறை வீடு. அம்மா போன பிறகு நான் மட்டும்தான். தீபாவளி விடியலில் வீட்டு மூத்தவர் தலையில் எண்ணெய் வைக்க வேண்டும். இந்த வீட்டில் மூத்தவனும் நானே, இளையவனும் நானே. என் உச்சியில் நானே எண்ணெயை வைத்துக்கொண்டு, யாரோ கேட்டுவிடப் போகிறார்கள் என்பதுபோல மெதுவாக "நன்றாக இரு" என்று சொல்லிக்கொள்வேன். பொங்கலன்று பால் பொங்கும்போதும் இதே கதைதான். ஒற்றை ஆளாகப் "பொங்கலோ பொங்கல்" என்று கத்த முடிவதில்லை. தொண்டைவரை வந்து நின்றுவிடும். வருத்தமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். தீபாவளி மாலை நான்கு மணி இருக்கிறதே, அது நீளமானது.

ஆனால் அந்த நான்கு மணிக்கு ஐந்து கிலோ அரிசி மருந்தாகாது.

பக்கத்து வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கைப்பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார். எதிர்வீட்டுச் சீன மூதாட்டிக்கு 80 தாண்டிவிட்டது; எங்கள் பேச்சு பழைய சந்தை மலாயில்தான். சீனப் புத்தாண்டுக்கு அவர் இரண்டு ஆரஞ்சு கொடுப்பார், நான் இரண்டு கொடுப்பேன். கணக்குப் பார்த்தால் பூஜ்யம். கூடவே எனக்கு ஓர் அங் பாவ், அதாவது பண்டிகைப் பண அன்பளிப்பு! கல்யாணமாகாதவன் எந்த வயதிலும் வாங்கிக்கொள்ள வேண்டுமாம். சிவப்பு உறைக்குள் எட்டு வெள்ளி. அதை வாங்க எனக்குக் கூச்சமே இல்லை, ஏனென்றால் தீபாவளிக்கு என் முறுக்கு அவர் வீட்டுக்குப் போயிருக்கிறது. நோன்புப் பெருநாளுக்கு மூலைவீட்டு மலாய்க்காரர் கொடுத்த பச்சை மூடி டப்பா எங்கள் இரண்டு வீட்டுக்கும் இடையே எத்தனையோ ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கிறது. அது யாருடையது என்பதே இப்போது இருவருக்கும் மறந்துவிட்டது.

தைப்பூசத்துக்கு 1968க்குப் பிறகு பொது விடுமுறை கிடையாது. வேலையில் இருந்தவரை விடுப்பு எடுத்துக்கொண்டு பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு முருகன்வரை நண்பர்களின் காவடியோடு நடப்பேன். இப்போது விடுமுறைக்குப் பஞ்சமில்லை, முழங்கால்தான் இல்லை. ஆகவே தண்ணீர்ப்பந்தலில் உட்கார்ந்து மோர் ஊற்றிக் கொடுக்கிறேன். அங்கே ஒருவரும் என்னிடம் தனியாகவா இருக்கிறீர்கள் என்று கேட்டதில்லை. "ஐயா, இன்னொரு குவளை" என்றுதான் கேட்கிறார்கள்.

2030இல் நம் குடிமக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் 65 வயதைத் தொட்டிருப்பார் என்பது அரசாங்கக் கணிப்பு. அத்தனை பேரையும் பண்டிகைக்குப் பண்டிகை பை வாங்க வரிசையில் நிறுத்தப் போகிறோமா? அரிசி உண்மையிலேயே தேவைப்படும் வீடுகள் உண்டு. அங்கே தாராளமாகக் கொடுங்கள். படம் மட்டும் வேண்டாம். மற்றவர்களிடம், கோலம் போடத் தெரியுமா, அதிரசப் பாகுக்குப் பதம் பார்க்கத் தெரியுமா என்று கேட்டுப்பாருங்கள். கீழ்த்தளத்தில் ஓர் அடுப்பும் நாலு இளைஞர்களும் கிடைத்தால் என் புளோக்கில் மட்டும் ஆறு கிழவிகள் கரண்டியைப் பிடுங்கச் சண்டை போடுவார்கள்.

தைப்பொங்கலுக்கு அந்தப் பை அரிசியில்தான் சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். தாய்லாந்து அரிசி குழையாது என்பார்கள், நன்றாகவே குழைந்தது. தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு அந்தத் தொண்டூழியர்களின் அலுவலகத்துக்குப் போனேன். முகப்பில் அதே பெண். "மன்னிக்க வேண்டும் ஐயா, குடியிருப்பாளர்களிடம் எதுவும் வாங்கக் கூடாது என்பது விதி" என்றாள். சரியம்மா என்று மூடியை மாட்டப் போனேன். நெய் வாசனை அதற்குள் பரவிவிட்டது. அவள் உள்ளறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கரண்டியை எடுத்தாள்.