வண்டலூரில் புலி தெரியவில்லை என்று கோபப்படுகிறவர்களுக்கு

"காசு கொடுத்து டிக்கெட் எடுத்து, வெயில்ல இவ்ளோ தூரம் நடந்து வந்தா புலியையே காணோம்." சென்னையை அடுத்த வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு எப்போது போனாலும் இந்தப் புலம்பல் காதில் விழும். என்னைக் கேட்டால், புலிக்கு ஒளிந்துகொள்ள இடம் இருப்பதுதான் அந்தப் பூங்காவின் பெருமையே. அந்த இடம் கிடைக்க 130 வருடம் ஆனது.

1855-ல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் ஆரம்பித்த கதை இது. அப்போது அருங்காட்சியகப் பொறுப்பில் இருந்தவர் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர். உயிருள்ள விலங்குகளை வைத்ததும் கூட்டம் அள்ளியது. ஆற்காட்டு நவாபிடம் பேசி, அவர் வளர்த்த விலங்குகளையும் வாங்கிச் சேர்த்தார். கல்கத்தா அலிப்பூரில் காட்சிசாலை வருவதற்கு 20 வருடம் முன்பே நம்ம ஊரில் வந்துவிட்டது. 1863-ல் சென்ட்ரல் பக்கத்து பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறியது. அருங்காட்சியகம் 'செத்த காலேஜ்', இது 'உயிர் காலேஜ்' என்று சென்னைவாசிகள் ரெண்டையும் ஒரே நாளில் சுற்றிப் பார்த்த காலம் அது.

அந்த உயிர் காலேஜை நினைத்து உருகும் பெரியவர்களை எனக்குப் பிடிக்கும். ஆனால் விலங்கின் பக்கம் நின்று பாருங்கள்: கூண்டு, கம்பி, சுற்றிலும் வண்டிச் சத்தம், புகை. விரிவாக்க ஒரு அடி நிலம் கிடையாது. அதனால்தான் 1985-ல் வண்டலூர் காட்டுப் பகுதிக்குக் கொண்டுபோனார்கள். இன்று சுமார் 602 ஹெக்டேர். பெரிய விலங்குகளுக்கும் நமக்கும் நடுவே அகழி. அந்தப் பக்கம் மரம், புதர், நிழல்.

2016 வர்தா புயலில் அந்த மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. 2021 ஜூனில் கொரோனா தொற்றி இரண்டு சிங்கங்கள் செத்தன. அந்தச் செய்தி அன்று என்னை உலுக்கிவிட்டது.

இவ்வளவையும் தாண்டி வந்த இடத்தில் நாம் செய்வது என்ன? மர நிழலில் படுத்திருக்கும் சிங்கத்தைப் பார்த்து "டேய், எந்திரிடா" என்று கத்துகிறோம். தடுப்புக் கம்பியைத் தட்டுகிறோம். சிங்கம் காதை மட்டும் அசைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. பிள்ளைகள் இல்லை, அப்பாக்கள்தான் இதைச் செய்கிறார்கள்.

பூங்காவில் விலங்கைச் சீண்டுவதும், சத்தம் போட்டுத் தொந்தரவு செய்வதும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஜே பிரிவுப்படி குற்றம். அதை டிக்கெட்டிலேயே கொட்டை எழுத்தில் அச்சடிக்க வேண்டும். கத்துகிறவர்களுக்கு அங்கேயே அபராதம் போடட்டும், நான் வரவேற்பேன்.