இலையுதிர்கால மேடைகள் தானாக அமைவதில்லை

இலையுதிர்காலம் நெருங்கினாலே நகரத்தில் இசை நிகழ்ச்சி அறிவிப்புகள் வரத் தொடங்கிவிடும். பூங்காவில் ஒரு மாலை, நூலக முற்றத்தில் ஒரு மதியம், ஏதாவது ஒரு தெருவை அடைத்துவிட்டு நாள் முழுக்கப் பாட்டு. ஸ்டேடியத்தில் நடக்கும் பெரிய கச்சேரிகளைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. அவற்றுக்கு விளம்பரம் உண்டு, ஸ்பான்சர் உண்டு, அவை தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும். நான் சொல்வது இருநூறு பேர் வந்தாலே நல்ல கூட்டம் என்று மகிழ்ந்துபோகும் சின்ன நிகழ்ச்சிகளை.

இவை வருடாவருடம் தானாக நடக்கும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. யாரோ அலைந்து அனுமதி வாங்குகிறார்கள், யாரோ ஸ்பீக்கர் தூக்குகிறார்கள், யாரோ கைக்காசு போட்டு வந்து பாடிவிட்டுப் போகிறார்கள். இந்த மூன்று பேரில் ஒருவர் சலித்துப்போனாலும் அடுத்த வருடம் நிகழ்ச்சி கிடையாது. இந்த மேடைகள் தனக்கு வேண்டும் என்று ஒரு நகரம் உண்மையிலேயே நினைத்தால், அதைப் பாராட்டுரையில் காட்டினால் போதாது, விதியிலும் பணத்திலும் காட்ட வேண்டும் என்பதுதான் என் கட்சி.

முதலில், இந்தப் பருவம் ஏன் முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். கோடையில் பாதிப்பேர் வெளியூரில் இருப்பார்கள். குளிர்காலத்தில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் சில வாரங்கள்தான் எல்லோரும் ஊரில் இருக்கிறார்கள், வெளியே உட்காரவும் முடிகிறது. பகல் ஒவ்வொரு நாளும் இரண்டு மூன்று நிமிடம் சுருங்கிக்கொண்டே வரும். அந்த அவசரத்தாலேயே மக்கள் கிளம்பி வருகிறார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் அக்கம்பக்கத்தைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வாய்ப்பு வருடத்தில் வேறு கிடையாது. பல வருடமாக ஒரே கட்டடத்தில் இருந்தும் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காதவர்கள், பூங்காவில் ஒரே கம்பளியை ஆளுக்குப் பாதியாகப் போர்த்திக்கொண்டு பாட்டுக் கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த நாள் லிஃப்டில் அவர்கள் சும்மா நிற்க மாட்டார்கள், பேசுவார்கள்.

பார்சிலோனா இதை நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறது. செப்டம்பர் 24ஆம் தேதியை ஒட்டி அங்கே லா மெர்சே என்ற நகரத் திருவிழா நடக்கிறது. சதுக்கங்களிலும் கடற்கரையிலும் தெருக்களிலும் கச்சேரிகள், அத்தனையும் இலவசம். பொறுப்பு நகராட்சியுடையது. யாராவது ஆசைப்பட்டு நடத்தினால் நடக்கட்டும் என்று அவர்கள் விட்டுவிடவில்லை.

சரி, மேடைக்கு வருவோம். திறந்தவெளியில் குளிர் இசைக்கருவியை என்ன பாடு படுத்தும் என்பது பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். 20 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். 10 டிகிரியில் அது 337 மீட்டராகக் குறைந்துவிடும். வித்தியாசம் சின்னதுதான் என்று தோன்றும். ஆனால் புல்லாங்குழலுக்குள் இருக்கும் காற்று அந்த அளவு குளிர்ந்தால் சுருதி காதுக்கே தெரியும்படி இறங்கிவிடும். கிதாரில் நேர்மாறு. கம்பி குளிரில் சுருங்கி இறுகி, சுருதி ஏறிவிடும். ஒன்று இறங்க, ஒன்று ஏற, இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரு பாட்டை முடிப்பது லேசான வேலை இல்லை. போன பருவத்தில் ஒரு குழல்காரரைக் கவனித்தேன். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் குழலைக் கோட்டுக்குள் விட்டு அக்குளில் இடுக்கிக்கொள்வார். அடுத்த பாட்டுக்கு முன்னால் வெளியே எடுத்து, ஸ்வரம் எதுவும் எழுப்பாமல், வெறும் மூச்சை உள்ளே ஊதிச் சூடாக்குவார். பக்கத்தில் வயலின்காரர் விரல் நுனி வெட்டிய கையுறை போட்டிருந்தார். பனி இறங்க ஆரம்பித்ததும் தோல்கட்டிய மத்தளத்தின் ஓசை தளர்ந்துபோனது. வாசித்தவர் இரண்டு உள்ளங்கையையும் தோல்மேல் வைத்து அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தார். எதிரே உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதெல்லாம் தெரியவே இல்லை, பாட்டு நன்றாக இருந்தது என்று மட்டும் தெரிந்தது. அதுவும் சரிதான். ஆனால் இவ்வளவு உழைப்புக்கு அன்று இரவு அவர்கள் கையில் என்ன கிடைத்தது என்பதை நாம் கேட்டே ஆக வேண்டும். அந்தக் கேள்வியைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன்.

அதற்கு முன்னால் புகார் விஷயம். எந்தச் சின்ன நிகழ்ச்சியும் முதலில் அடிவாங்குவது சத்தப் புகாரில்தான். புகார் கொடுப்பவர்கள் எல்லோரும் இசைக்கு எதிரிகள் என்று நான் சொல்ல மாட்டேன். மேகமில்லாத, காற்றடிக்காத இலையுதிர்கால மாலையில் சூரியன் மறைந்ததும் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். மேலே இருக்கும் காற்று கொஞ்ச நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். வெப்பமான காற்றில் ஒலி வேகமாகப் போவதால், மேல்நோக்கிப் போகும் ஒலி வளைந்து மறுபடி தரைக்கே வந்து சேரும். அதனால்தான் முன்வரிசையில் இருப்பவர் இன்னும் கொஞ்சம் சத்தமாக வைக்கக் கூடாதா என்று கேட்கும் அதே நேரத்தில், வெகுதூரத்தில் ஒரு வீட்டுப் படுக்கையறையில் தம் தம் என்று அடி கேட்கிறது. அந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கலாம், இரவு வேலை முடிந்து வந்து தூங்குபவர் இருக்கலாம். அவர்கள் சொல்வது பொய்யில்லை.

இதற்கு வழி இருக்கிறது. ஸ்பீக்கரை உயரத்தில் கட்டிக் கூட்டத்தை நோக்கிக் கீழே சாய்த்து வைக்கலாம். கீழ்ஸ்தாயி அடியைக் குறைக்கலாம். பிற்பகல் மூன்று மணிக்கே ஆரம்பித்து, இருட்டுவதற்கு முன்னால் சத்தமான குழுக்களை முடித்துவிட்டு, கடைசியில் மெல்லிய இசையை வைத்துக்கொள்ளலாம். ஒரு வாரம் முன்னதாகவே வீடு வீடாகச் சீட்டுப் போட்டு, எப்போது முடியும், யாரைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிடலாம். இவ்வளவையும் செய்த அமைப்பாளர்களுக்குப் புகார் வெகுவாகக் குறைந்ததை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

ஆனால் இன்னொரு வகைப் புகார் இருக்கிறது. பல காலமாகப் பாட்டு நடந்துவரும் இடத்துக்கு அருகில் புதிதாக ஒரு குடியிருப்பு எழும். இந்தப் பகுதியில் கலை வாழ்கிறது என்று சொல்லித்தான் வீட்டை விற்பார்கள். குடிவந்த பிறகு அந்தக் கலை சத்தம் போடுகிறது என்று மனு போகும். இங்கேதான் விதி வேண்டும். மெல்போர்னில் 2010 ஜனவரியில் டோட் என்ற பழைய இசை விடுதி மூடப்பட்டது. நேரடி இசை நடக்கும் இடம் என்றாலே ஆபத்தான இடம் என்று கணக்குப் போட்டுக் கூடுதல் காவல் ஆட்களை வைக்கச் சொன்ன உரிம நிபந்தனைகளை அதனால் தாங்க முடியவில்லை. அடுத்த மாதமே ஆயிரக்கணக்கானவர்கள் மாநில நாடாளுமன்றக் கட்டடத்துக்கு ஊர்வலம் போனார்கள். அந்த விடுதி அதே வருடம் மறுபடி திறந்தது. 2014இல் மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலம் நகரத் திட்டமிடல் விதியையே மாற்றியது. ஏற்கெனவே இசை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டுபவர்தான் சத்தத்தடுப்புச் செலவை ஏற்க வேண்டும். இசை விடுதி பிறகு வந்தால் அந்தச் செலவு அதன் தலையில். யார் பிறகு வருகிறாரோ அவர் பொறுப்பு, அவ்வளவுதான். 2018இல் இங்கிலாந்தும் இதே கொள்கையைத் தன் திட்டமிடல் வழிகாட்டுதலில் சேர்த்துக்கொண்டது. பெர்லின் இன்னொரு வழியில் போனது. இசைக்கூடங்களில் ஒலித்தடுப்பு அமைக்க 10 லட்சம் யூரோவில் ஒரு நிதியையே உருவாக்கியது. இவற்றில் எதுவும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. எழுதி வைக்க ஒரு பக்கம் போதும்.

விதி மட்டும் இருந்தால் போதுமா என்றால், போதாது. பிரிட்டனில் 2023ஆம் ஆண்டில் மட்டும் 125 சின்ன இசையரங்குகளில் நேரடி இசை நின்றுபோனது என்று அவற்றுக்காக வேலை செய்யும் மியூசிக் வென்யூ டிரஸ்ட் கணக்குச் சொன்னது. விதி வந்த பிறகும் இதுதான் நிலைமை. வாடகையும் மின்கட்டணமும் ஏறும்போது விதிப்புத்தகம் காசு தராது.

இப்போது அந்தக் குழல்காரரிடம் திரும்பி வருகிறேன். இலவச நிகழ்ச்சி என்றால் கேட்பவர்களுக்கு இலவசம். வாசிப்பவருக்கும் இலவசம் என்று யார் சொன்னது? எனக்குத் தெரிந்த ஒரு பாடகியிடம் ஒரு சமூக விழா அமைப்பாளர், "பணம் கிடையாது, ஆனால் நல்ல கூட்டம் வரும், உங்களுக்கு அறிமுகம் கிடைக்கும்" என்றார். அதே விழாவில் கூடாரம் போட்டவருக்குக் கூலி கொடுத்தார்கள், நாற்காலிக்கு வாடகை கொடுத்தார்கள், ஜெனரேட்டருக்கும் கொடுத்தார்கள். நாற்காலிக்காரரிடம் யாரும் அறிமுகம் தருகிறோம் என்று சொல்லவில்லை. இதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது, இன்னும் இருக்கிறது.

இலவசமாக நடத்திக்கொண்டே இசைக்கலைஞர்களுக்கு உரிய பணத்தையும் கொடுக்க முடியும். சான்பிரான்சிஸ்கோவில் கோல்டன் கேட் பூங்காவில் ஒவ்வோர் அக்டோபர் தொடக்கத்திலும் ஹார்ட்லி ஸ்ட்ரிக்ட்லி புளூகிராஸ் என்ற இசை விழா நடக்கிறது. 2001இல் வாரன் ஹெல்மன் என்ற முதலீட்டாளர் தொடங்கியது. அவரே பாஞ்சோ என்ற கம்பிக்கருவி வாசிப்பவர். டிக்கெட் கிடையாது. 2011இல் அவர் இறந்துபோனார், விழா தொடர்ந்து நடப்பதற்கு வேண்டிய பணத்தை ஒதுக்கிவிட்டுத்தான் போனார். அந்தப் பூங்காவில் ஒரு புல்வெளிக்கு இப்போது அவர் பெயர்.

எல்லா ஊருக்கும் ஒரு ஹெல்மன் கிடைக்க மாட்டார். நல்ல மனசுள்ள பணக்காரருக்காகக் காத்திருப்பதைவிட எனக்குப் பிரான்ஸின் ஏற்பாடு பிடிக்கிறது. அங்கே ஜனரஞ்சக இசை நிகழ்ச்சிகளின் டிக்கெட் வருமானத்தில் 3.5 சதவீதம் வரியாகத் தேசிய இசை மையத்துக்குப் போகிறது. அதிலிருந்து இசைத்துறைக்கே உதவித்தொகையாகத் திரும்பி வருகிறது. ஸ்டேடியத்தில் பாடும் நட்சத்திரம் யாரும் நேராக ஸ்டேடியத்துக்கு வந்துவிடவில்லை, எங்கோ ஒரு சின்ன மேடையில் நடுங்கிக்கொண்டே பாடித்தான் வந்தார். அப்படியிருக்க, பெரிய டிக்கெட்டிலிருந்து சின்ன மேடைக்குக் கொஞ்சம் போவது தர்மம் இல்லை, பாக்கியைத் தீர்ப்பது. பிரிட்டனிலும் ஸ்டேடிய டிக்கெட்டுக்கு ஒரு பவுண்டு என்று கேட்டார்கள். 2024இல் அரசு அதை ஏற்றது, ஆனால் விருப்பப்பட்டவர் கொடுக்கலாம் என்ற அளவில். விருப்பத்துக்கு விட்டால் யார் கொடுப்பார், யார் நழுவுவார் என்று நமக்குத் தெரியாதா?

பணமும் மேடையும் பெரிதாக வேண்டாம் என்றால், எனக்கு மிகவும் பிடித்த வடிவம் போர்ச்ஃபெஸ்ட். நியூயார்க் மாநிலத்தில் இதாக்கா என்ற சின்ன நகரில் 2007இல் தொடங்கியது. வீட்டுக்கு வெளியே உட்கார்ந்து உகுலேலே என்ற குட்டிக் கிதாரை வாசிப்பதிலிருந்து அக்கம்பக்கத்தார் இரண்டு பேருக்கு வந்த யோசனை. வீட்டு முன்திண்ணைதான் மேடை. முதல் வருடம் சுமார் 20 குழுக்கள். ஒரு தாளில் தெரு வரைபடமும் நேரமும் போட்டுக் கொடுத்தால் போதும், மக்கள் நடந்துகொண்டே ஒவ்வொரு திண்ணையாகக் கேட்டுப் போவார்கள். பெரிய ஸ்பீக்கர் இல்லாததால் சத்தமும் அடுத்த தெருவைத் தாண்டாது. பிறகு வட அமெரிக்காவில் பல நகரங்கள் இதை எடுத்துக்கொண்டன. இதில் எனக்குப் பிடித்தது, தள்ளுவண்டியில் குழந்தையோடு வருபவரும் கைத்தடியோடு வருபவரும் தங்கள் வேகத்தில் கேட்க முடிகிறது என்பதுதான். பிடித்தால் நிற்கலாம், பிடிக்காவிட்டால் நகரலாம், யார் மனமும் புண்படாது. இதிலும் வாசிப்பவர்களுக்காக ஓர் உண்டியல் திண்ணையில் இருக்க வேண்டும். வெட்கப்பட்டு அதை மூலையில் ஒளித்துவைக்கக் கூடாது.

ஆக, இந்தப் பருவத்தில் போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பாட்டு முடிந்ததும் அமைப்பாளரைப் பார்த்து, "வாசித்தவர்களுக்கு என்ன கொடுக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். சண்டைக்கு இல்லை, அக்கறையோடு. கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் அடுத்த வருடத் திட்டத்தில் நாற்காலிச் செலவுக்கு மேலே அந்த வரி ஏறும். அப்புறம், உங்கள் பகுதி மன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் போடுங்கள்: இசை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டுபவருக்கு நம் ஊரில் என்ன விதி இருக்கிறது? இல்லையென்றால் எப்போது கொண்டுவரப் போகிறீர்கள்? பதில் வரும்வரை விடாதீர்கள்.