நூறு பேரும் ஒரு கல்லும்

"மனுஷ மனசையெல்லாம் கணக்குப் போட்டுச் சொல்ல முடியுமாடா?" என்று போன வாரம் நண்பன் ஒருவன் கேட்டான். அவன் இலக்கியக்காரன், எனக்குக் கணக்குதான் பிழைப்பு. முடியாது என்று உடனே ஒத்துக்கொண்டேன். ஆனால் மற்றவர் மனசைப் பற்றி நாமாகக் கட்டும் கதைகள் தேறுமா தேறாதா என்று உரசிப் பார்க்கக் கணக்கு உதவும். இதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவனுக்கு வேறு அழைப்பு வந்துவிட்டது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

1978-ல் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு கற்பனைக் கூட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டார். ஒரு இடத்தில் 100 பேர் கோபத்தோடு நிற்கிறார்கள். முதல் ஆள் யாரும் எறியாவிட்டாலும் கல்லெறிவான். இரண்டாவது ஆளுக்கு ஒருவர் எறிந்திருந்தால் போதும். மூன்றாவது ஆளுக்கு இரண்டு பேர் எறிந்திருக்க வேண்டும். இப்படியே போய், கடைசி ஆள் 99 பேர் எறிந்த பிறகுதான் குனிந்து கல்லை எடுப்பார். முதல் கல் பறந்ததும் இரண்டாமவர், அவரைப் பார்த்து மூன்றாமவர் என்று நூறு பேரும் இறங்கிவிடுவார்கள்.

இப்போது ஒரே ஒரு ஆளை மாற்றுங்கள். 'ஒருத்தர் எறிந்தால் நானும்' என்றிருந்தவர் 'இரண்டு பேர் எறியட்டும், பார்ப்போம்' என்கிறார். முதல் ஆள் எறிகிறான். எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அவ்வளவுதான், கூட்டம் கலைந்துவிடும்.

மறுநாள் செய்தி எப்படி வரும்? முதல் கூட்டத்தை 'வெறிபிடித்த கும்பல்' என்பார்கள். இரண்டாவதில் 'யாரோ ஒரு ஆசாமி கண்ணாடியை உடைத்தார்' என்பதோடு சரி. ஆனால் இரண்டிலும் 99 பேர் அதே ஆட்கள், அதே மனசு. இதைப் படித்த பிறகு, 'ஜனங்களே கெட்டுப்போய்ட்டாங்க' என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குத் தலையாட்டக் கஷ்டமாக இருக்கிறது. (முன்பெல்லாம் முதலில் ஆரம்பிப்பதே நான்தான்.)

நகரங்களில் மக்கள் இனம் இனமாகத் தனித்தனிப் பகுதிகளில் பிரிந்து குடியிருப்பது பற்றித் தாமஸ் ஷெல்லிங் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1971-ல் வெளியிட்ட கட்டுரையும் இந்த ரகம்தான். சதுரங்கப் பலகையும் இரண்டு நிறப் பொத்தான்களும் இருந்தால் நீங்களே செய்து பார்க்கலாம். நான் செய்தேன். கறுப்பு 20, வெள்ளை 20, கண்டபடி இறைத்துவிட வேண்டும். சுற்றியுள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்காவது தன் நிறமாக இருந்தால் ஒரு பொத்தானுக்குத் திருப்தி. இல்லையென்றால் காலியாக உள்ள வேறு கட்டத்துக்குக் குடிபோகும். யாரும் யாரையும் வெறுக்கவில்லை, பெரும்பான்மையாக இருக்க வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. ஆனாலும் நகர்த்த நகர்த்தப் பலகை திட்டுத்திட்டாகப் பிரிந்துபோனது. அதற்காக, நிஜத்தில் வெறுப்பே இல்லை என்று யாரும் கிளம்ப வேண்டாம். அமெரிக்க நகரங்களில் சட்டம் போட்டும் கடன் மறுத்தும் கறுப்பின மக்களை ஒதுக்கியது வரலாறு. வெறுப்பை ஒழித்தாலே பிரிவினை தானாகக் கரைந்துவிடும் என்ற நம்பிக்கையைத்தான் இந்தப் பலகை கேள்வி கேட்கிறது.

சரி, தனி மனசுக்கு வருவோம். டேனியல் கானெமன் என்ற உளவியலாளர் இஸ்ரேல் விமானப்படைப் பயிற்சியாளர்களுக்குப் பாடம் எடுத்தபோது, பாராட்டினால் நன்றாகக் கற்பார்கள் என்றார். ஒரு மூத்த அதிகாரி எழுந்து மறுத்தார்: நன்றாக ஓட்டியவனைப் பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறான், சொதப்பியவனைத் திட்டினால் தேறிவிடுகிறான். கானெமன் வாதாடவில்லை. தரையில் ஒரு குறி வரைந்து, அதற்கு முதுகைக் காட்டி நின்று இரண்டு முறை காசு எறியச் சொன்னார். முதல் தடவை குறிக்கு அருகில் போட்டவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டாவது தள்ளி விழுந்தது. தள்ளிப் போட்டவர்கள் பெரும்பாலும் நெருங்கி வந்தார்கள். அங்கே பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. பிரமாதமான நாளுக்கு அடுத்த நாள் சுமாராகவும், மோசமான நாளுக்கு அடுத்தது கொஞ்சம் பரவாயில்லாமலும் இருப்பது, அதிர்ஷ்டம் தொடர்ந்து ஒரே மாதிரி அடிப்பதில்லை என்ற வெறும் கணக்கு. திட்டியவர்தான் அதைத் தன் திறமை என்று எடுத்துக்கொள்கிறார். எத்தனை பிள்ளைகள் இந்தத் தப்புக் கணக்குக்காக அடி வாங்கியிருக்கும்!

சராசரியை நோக்கித் திரும்பும் இந்தப் போக்கை 1886-லேயே பெற்றோர், பிள்ளைகள் உயரத்தை வைத்துக் காட்டியவர் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர். மனிதர்களில் 'நல்ல வித்தை' மட்டும் பெருக்க வேண்டும் என்ற கொள்கைக்கு 1883-ல் பெயர் சூட்டியவரும் அவரேதான். அந்தக் கொள்கை பின்னால் எத்தனை பேரை நாசமாக்கியது என்பது தெரிந்ததே. மனசைக் கணக்குப் போடலாமா என்ற என் நண்பனின் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. அளவுகோல் வைத்திருப்பவர் எதை அளக்கிறார், எதற்கு அளக்கிறார் என்று கேட்டே ஆக வேண்டும்.

அப்புறம், முகநூலில் உட்கார்ந்து 'எல்லாருக்கும் என்னைவிட நண்பர்கள் ஜாஸ்தி' என்று புழுங்குகிறவர்களுக்கு ஒன்று. ஐந்நூறு நண்பர்கள் உள்ளவர் ஐந்நூறு பேர் பட்டியலில் இருப்பார். பத்து பேர் உள்ளவர் பத்துப் பட்டியலில்தான். ஆகவே உங்கள் பட்டியலில் முதல் வகை ஆட்கள் வந்து உட்கார வாய்ப்பு அதிகம். ஸ்காட் ஃபெல்ட் என்ற சமூகவியலாளர் இதை 1991-லேயே எழுதிவிட்டார், முகநூல் பிறப்பதற்குப் பல வருஷம் முன்பு. நண்பனுக்கு இதை அனுப்பினேன். "அப்போ உனக்கு நிஜமாவே ஆள் கம்மியா, இல்ல கணக்கா?" என்று கேட்டிருக்கிறான். இன்னும் பதில் போடவில்லை.